பிள்ளைகளுக்கு பிரஷர் பார்ப்பது: கஃப் முதல் உப்பு டப்பா வரை

ஆறு வயதுப் பிள்ளைக்கு 118/78 என்று வந்தால் "நார்மல்தானே" என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது நார்மல். ஆறு வயதில் 105/66 வந்தாலே இன்னொரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, கொஞ்சம் பருமனான ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குப் பள்ளி முகாமில் 142/90 என்று எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் யாருக்கும் அன்று ராத்திரி தூக்கம் இருக்காது. மறுநாள் சரியான அளவு கஃப் (கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை) போட்டுப் பார்த்தால் 122/76 என்று வரும். முதல் பிள்ளையை விட்டுவிட்டோம், இரண்டாவது பிள்ளையை வீணாகப் பயமுறுத்தினோம். பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தில் பாதிக் குழப்பம் அளப்பதிலேயே இருக்கிறது. அதனால் உணவு, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு சுருக்க அட்டவணை உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு 3 வயதில் 101/58, 6 வயதில் 105/66, 8-ல் 107/69, 10-ல் 108/72, 12-ல் 113/75. பெண் பிள்ளைகளுக்குச் சில வயதில் ஓரிரு புள்ளி கூடும், சில வயதில் அதேதான். இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்று இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டும். நோய் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் மிகக் குள்ளமான பிள்ளைகளின் அளவை வைத்துப் போட்ட பட்டியல் அது. யாரும் தப்பிவிடக் கூடாது என்று வலையைச் சின்னக் கண்ணியாகப் பின்னியிருக்கிறார்கள். உயரமான பிள்ளைக்கு இயல்பாகவே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் வயது, பாலினம், உயரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய அட்டவணையை வைத்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். உயரம் அளக்காமல் பிள்ளைக்கு பிரஷர் மட்டும் எழுதிய சீட்டு பாதிச் சீட்டுதான்.

13 வயதுக்கு மேல் கணக்கு சுலபம். 120/80-க்குக் கீழே இருந்தால் நார்மல். மேல் எண் 120 முதல் 129 வரை, கீழ் எண் 80-க்குக் குறைவு என்றால் கொஞ்சம் கூடுதல். 130/80 முதல் 139/89 வரை முதல் நிலை. 140/90-ம் அதற்கு மேலும் இரண்டாம் நிலை.

இப்போது கஃப். தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து முழங்கை எலும்பின் முனை வரை டேப்பை வைத்து, நடுப்புள்ளியில் பேனாவால் ஒரு கோடு. அந்த இடத்தில் கையின் சுற்றளவை எடுக்க வேண்டும். கஃபுக்குள் காற்று நிரம்பும் ரப்பர் பையின் அகலம் அந்தச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம். 18 செ.மீ. கைக்கு ரப்பர் பை சுமார் 7 செ.மீ. அகலம், 14.5 முதல் 18 செ.மீ. நீளம். வெளித்துணியை அளந்து ஏமாறக் கூடாது, உள்ளே இருக்கும் பைதான் கணக்கு. கடையில் விற்கும் வீட்டு மெஷின்களின் சாதாரண கஃபில் பெரும்பாலும் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருக்கும். எட்டு வயது ஒல்லிப் பிள்ளையின் கை அந்த அளவுக்கு வராது. அந்த கஃப் போட்டால் அளவு குறைவாகக் காட்டி, உண்மையான பிரஷர் மறைந்துபோகும். பருமனான பதினான்கு வயதுப் பிள்ளையின் கை 34 செ.மீ. இருக்கும், அதே கஃப் அங்கே கூடுதலாகக் காட்டும். தாத்தா பாட்டிக்கு பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம், "அப்படியே பிள்ளைக்கும் ஒரு தடவை பாரும்மா" என்று கையை நீட்டச் சொல்வது இங்கே சகஜம். அவர் கொண்டுவருவது பெரியவர்களுக்கான கஃப். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் மெஷின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

உட்காரும் விதத்துக்கும் இதே அளவு கவனம் தேவை. பிள்ளை ஓடிவந்து, மாடிப்படி ஏறிவந்து உடனே கை நீட்டக் கூடாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட 3 முதல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கினால் அடியில் ஒரு மணை போடலாம். கையை மேசையிலோ தலையணையிலோ நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும்; 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடிவிடும். சட்டைக் கையை மேலே சுருட்டினால் அது கையை இறுக்கும், சட்டையைக் கழற்றிவிடுவதே நல்லது. அளக்கும்போது "எந்த ஸ்கூல் கண்ணு, என்ன படிக்கிறே" என்று பேச்சுக் கொடுப்பது பாசம்தான், ஆனால் பிள்ளை பதில் சொன்னால் எண் ஏறும். அழுகிற குழந்தையின் எண்ணை எழுதவே கூடாது.

வலது கைதான். இதற்குக் காரணம் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். இடது கைக்குப் போகும் கிளை அந்தக் குறுகலுக்குப் பக்கத்தில் இருப்பதால், இடது கையில் அழுத்தம் குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றலாம். வலது கையில் கூடுதலாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடை மடிப்பில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், காலிலும் ஒரு முறை பிரஷர் எடுக்க வேண்டும். காலில் கையைவிட 10 முதல் 20 கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. காலில் குறைவாக வந்தாலோ தொடை நாடி மெலிந்திருந்தாலோ எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்காமல் விடக் கூடாது. ஒரு நிமிட வேலை இது. ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் முதலில் விட்டுப்போவதும் இதுதான், அதனால் பெற்றோர் கேட்டுச் செய்யச் சொல்வதில் தப்பில்லை.

ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே இருக்கட்டும். மணிக்கட்டு நாடி மறையும் அளவுக்கு மேல் 20, 30 ஏற்றி, நொடிக்கு 2, 3 வீதம் இறக்குங்கள். முதல் சத்தம் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். சில பிள்ளைகளுக்குச் சத்தம் பூஜ்யம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தாமல் மெல்ல வைத்து மறுபடி பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் சத்தம் மங்கத் தொடங்கும் இடத்தைக் கீழ் எண்ணாக எழுதுங்கள். முள் கருவி என்றால் காற்றில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொத்தான் மெஷின் கூடுதலாகக் காட்டினால் அதே உட்காரலில் மீண்டும் எடுத்துச் சராசரி போட்டு, அப்போதும் கூடுதல் என்றால் ஸ்டெதாஸ்கோப்பால் உறுதி செய்ய வேண்டும்.

ஒரு நாள் எண்ணை வைத்துப் பிள்ளைக்கு "பிரஷர் நோய்" என்று பெயர் வைக்கக் கூடாது. வெவ்வேறு மூன்று நாட்கள் கூடுதலாக வந்தால்தான் அது கணக்கு. கொஞ்சம் கூடுதல் என்றால் உணவையும் விளையாட்டையும் சரிசெய்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி. முதல் நிலை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில். இரண்டாம் நிலை என்றால் ஒரு வாரத்துக்குள் குழந்தை மருத்துவரிடம் போய்விட வேண்டும். எண் உயரமாக இருந்து கூடவே கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டு நிற்காமல் அப்போதே பெரிய மருத்துவமனை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு 24 மணி நேரம் கையில் கட்டி அனுப்பும் மெஷின் இருக்கிறது, தூக்கத்திலும் அளக்கும். மாத்திரை தொடங்கும் முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

நடக்கிற, விளையாடுகிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் என்ன அவசரம் என்று தோன்றும். அழுத்தம் கூடுதலாகவே இருந்தால் இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. பத்து வயதிலேயே எக்கோவில் அது தெரியலாம். பிரஷர் அடங்கினால் பெரும்பாலும் அந்தத் தடிப்பும் குறையும். அடங்காமல் விட்டால் அந்தப் பிரஷர் வயதோடு கூடவே வரும்.

காரணம் தேடுவதில் வயதே முதல் துப்பு. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சிறுநீரகம், அடுத்து ரத்தக் குழாய். பதின்ம வயதில், பருமனான பிள்ளைக்கு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிரஷர் இருந்தால், தனிக் காரணம் இல்லாமலே வரலாம். குழந்தையாக இருந்தபோது காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல், சிறுநீர்த் தொற்று வந்ததா என்பதைப் பெற்றோர் யோசித்துச் சொல்ல வேண்டும். அந்தத் தொற்றின் தழும்பு சிறுநீரகத்தில் தங்கி வருடங்கள் கழித்துப் பிரஷராக வெளிப்படும். குறைமாதத்தில் பிறந்ததா, எத்தனை கிலோ, தொப்புள் வழியாக டியூப் போட்டார்களா என்பதும் வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு மூன்று வயது வரை காத்திராமல் முன்பே பிரஷர் பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலிருந்து வருடம் ஒரு முறை போதும். நம் நாட்டில் இன்னொரு நோயும் நினைவில் இருக்க வேண்டும்: தகயாசு என்னும் ரத்தக் குழாய் அழற்சி. சிறுநீரகத்துக்குப் போகும் குழாயை அது சுருக்கிவிடும். ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கைக்கும் அளவு வெகுவாக மாறுகிறது என்றால் அதைச் சந்தேகிப்பார்கள்.

கிராமங்களில் திரும்பத் திரும்ப வருவது வேறொன்று. சொறி சிரங்கு புண்ணாகிச் சீழ் வைத்து 3 முதல் 6 வாரம் கழித்தோ, தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தோ, காலையில் எழும்போது பிள்ளையின் முகம் உப்பியிருக்கும். ஒண்ணுக்கு குறைந்து, கட்டங்காப்பி நிறத்தில் போகும். இதை "சூடு பிடிச்சிருக்கு" என்று இளநீரும் மோரும் கொடுத்து இரண்டு மூன்று நாள் கடத்துவது ஆபத்து. பிரஷர் விறுவிறுவென்று ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். சிறுநீர் போகாத உடம்பில் அந்த இளநீரின் பொட்டாசியமும் தேங்கும். அன்றைக்கே மருத்துவமனை. நல்ல செய்தி, சரியான நேரத்தில் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது முழுக்கக் குணமாகிவிடும்.

வீட்டிலிருக்கும் மருந்துகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மூச்சிரைப்புக்கோ தோலுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கான சளி சிரப், அடிக்கடி இபுபுரூஃபன் எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை. நாட்டு மருந்து என்பதால் அதிமதுரத்தை யாரும் சொல்வதில்லை. இருமலுக்குத் தினமும் அதிமதுரப் பொடி கொடுத்தால் அதுவும் உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்திப் பிரஷரைக் கூட்டும். நோயாளிப் பதிவில் எழுத வேண்டிய விஷயம் அது.

இதய நோய் ஆபத்து என்று பேசும்போது கொழுப்பையும் விடக் கூடாது. குடும்பத்தில் ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்ணுக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் பார்ப்பது அவசியம். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் கல்யாணம் செய்யும் பழக்கம் வட ஆற்காட்டில் இன்னும் இருக்கிறது. பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு இரண்டு பக்கமும் இருந்தால் பிள்ளைக்கு அது இரட்டிப்பாக இறங்கலாம். அப்படி இறங்கினால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 400-ஐத் தாண்டிவிடும், பத்து பதினைந்து வயதிலேயே இதயக் குழாய் அடைக்கலாம். முழங்கை, முட்டி, விரலிடுக்கு, குதிகால் நரம்பு ஆகிய இடங்களில் மஞ்சளாகக் கட்டி கட்டியாகத் தெரியும். பாலுண்ணி என்று சுட்டுக்கொள்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும்.

பருமனை அறிய ஒரு டேப் போதும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 140 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 70. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க வேண்டியதில்லை. எடையை அப்படியே நிறுத்திவிட்டால் உயரம் ஏற ஏறத் தானாகச் சரியாகும். வேலூர் நகரத்திலும் கே.வி. குப்பம் கிராமங்களிலும் 1969–73-ல் பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒல்லியாக இருந்து பிறகு எடை ஏறியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. "பிறக்கும்போது ரெண்டு கிலோதான், இப்போ கொழுகொழுன்னு ஆக்கிட்டோம்" என்று பெருமைப்படும் பாட்டிகளிடம் இதைப் பதமாகச் சொல்ல வேண்டும். ராத்திரி குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கு அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) டான்சிலும் பார்க்க வேண்டும், அதுவும் பிரஷருக்கு ஒரு காரணம்.

உப்புக்கு வருவோம். பெரியவருக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைக்கு அதற்கும் கீழே. யாரும் தட்டில் எடை போட்டுச் சாப்பிடுவதில்லை. அதனால் உப்பு டப்பாவை வைத்துக் கணக்குப் பாருங்கள். புது ஒரு கிலோ பாக்கெட் பிரித்த தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். மீன் கழுவவும் திருஷ்டி கழிக்கவும் எடுக்கும் உப்பு தனி டப்பாவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு கெடும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரித் தின்பண்டம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. உண்மை அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். குறைப்பதை ஒரே நாளில் செய்தால் வீட்டில் சண்டை வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் என்பது ஒரு வாரம்கூடத் தாங்காது, வீட்டுக்கே குறைக்க வேண்டும். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பு தேவையில்லை. ஆடி மாதக் கூழுக்கு உப்புப் போட்டால் தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம். கருவாடுதான் வேண்டுமென்றால் கூழில் உப்பு வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் கொஞ்சம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி பெரிய வில்லன் இல்லை. தினமும் மாலை நாலரைக்குப் பள்ளி வாசலில் வாங்கும் சிப்ஸும் நூடுல்ஸும்தான் கணக்கை ஏற்றுவது. பாக்கெட்டின் பின்புறம் சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 1200 மி.கி. சோடியம் என்றால் 3 கிராம் உப்பு.

"நம்ம ஊரு வெயிலுக்கு உப்பு வேணுமே" என்ற பேச்சு சித்திரையில் தவறாமல் வரும். வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும். சாதாரணமாகச் சாப்பிடும் பிள்ளைக்குத் தனியாக உப்பு வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அது உயிர் காக்கும் மருந்து, கோடை விடுமுறையில் தினமும் குடிக்கும் ஜூஸ் அல்ல. உப்பில்லாத நீர்மோர், தர்பூசணி, பானைத் தண்ணீர் போதும். கடைகளில் குறைந்த சோடிய உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் எனாலாப்ரில் என்னும் பிரஷர் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் அதை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓட வேண்டும். மே மாதத்தில் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நிலையில் அடங்காமல் இருக்கும் பிள்ளை மட்டும், அளவு இறங்கும் வரை எடை தூக்குதல், மல்யுத்தம் போன்ற மூச்சுப் பிடிக்கும் விளையாட்டுகளைத் தள்ளிவைக்க வேண்டும்.

மாத்திரை எல்லாருக்கும் வேண்டியிருக்காது. கொடுத்தால், எண் நார்மலாக வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால்தான் அது நார்மல். எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும், இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் தரலாம். இரண்டையும் மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். எனாலாப்ரில் எடுக்கும் பிள்ளைக்கு வாந்தி பேதி வந்தால் அன்றைய மாத்திரைக்கு முன் போன் போட்டுக் கேளுங்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்கு அந்த மருந்து ஆகாது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் இதை வெளிப்படையாகச் சொல்லியே தொடங்க வேண்டும்.

எங்கே போவது என்றால், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். பள்ளிக்கு வருடம் ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடமும் சொல்லலாம், அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு மேல் சிகிச்சைக்கு வழி திறக்கும். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி.; ராணிப்பேட்டைப் பக்கம் வாலாஜா அரசு மருத்துவமனை. முதல் முறை போகும்போது சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ரத்தத்தில் உப்புச் சத்துகள், கொழுப்பு ஆகியவை எழுதுவார்கள்; சின்னப் பிள்ளைக்குச் சிறுநீரக ஸ்கேனும் சேரும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தக் கை, கஃப் அளவு, உட்கார்ந்தா படுத்தா, உயரம், எடை, இரண்டு எண் என்று வரிசையாக எழுதிக் கொண்டுபோங்கள். பிறந்த எடை, எத்தனை வாரம், சாப்பிடும் மருந்து எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கட்டும். காலை வெறும் வயிற்றில் போவதாக இருந்தால் பிள்ளைக்கு ஒரு டப்பாவில் இட்லி, ஊறுகாய் இல்லாமல்.